ஒன்பது தங்கக் கடிகாரங்களும் ஒரு பொய்ப் பலகையும்

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. லிஃப்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒன்பது பழைய தங்கக் கடிகாரங்கள், சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் வைக்கும் ரகம். கீழே ஒரு பலகை: “எங்கள் நிறுவனர் ஏலங்களில் தேடித் தேடிச் சேர்த்தவை.”

பொய்.

ஒன்பதையும் தேடியவன் நான். வயிற்றைக் கட்டி எடுத்தவன் நான். என் பெயரை அழித்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது... அது எழுதப்படவே இல்லை.

எனக்குத் தொண்ணூற்றேழு வயது. ஒற்றை விரலால் தட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

யுத்தம் முடிந்த சமயம். மவுண்ட் ரோடு ஏலக்கூடத்தில் நுழைந்தால் அந்துருண்டை வாசனையும் வார்னிஷ் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறும். கப்பலேறும் வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சாமான்கள்... பியானோ, கட்டில், பீங்கான் தட்டு, மான் கொம்பு. நடுவே ஒரு தட்டில், வெல்வெட் துணி மேல், கடிகாரங்கள்.

அப்போது நான் அண்ணாச்சியின், அதாவது பலகை சொல்லும் அந்த நிறுவனரின், ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் ஆள். எட்டாவதோடு படிப்பு நின்றது. மூர் மார்க்கெட்டில் அட்டை பிய்ந்த கடிகார ரிப்பேர் புத்தகம் ஒன்று கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷத்தில் படித்து முடித்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கடிகாரங்களுக்கு எமன், முன் வரிசையில் உட்காரும் தங்க வியாபாரிகள். உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தே, “மெஷின் போக மூணே கால் பவுன்” என்பார்கள். தங்கத்தின் மதிப்பு வரைக்கும்தான் கேட்பார்கள். எடுத்த அன்றே கூட்டை உருக்கிவிட்டு, நூறு வருஷம் ஓடிய மெஷினைக் குப்பையில் போடுவார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் எனக்கு ஒரே வழிதான். அவர்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு ரூபாய் கூடக் கேட்பேன்.

பெயர் பதிந்து ஏல அட்டை வாங்கியவர் மட்டுமே அங்கே கை தூக்கலாம். என்னைப் போன்றவனுக்கு அட்டை கிடையாது. அண்ணாச்சி தன்னுடையதைக் கொடுத்தார். “போய்ட்டு வாலே அந்தோணி. என் பேரக் கெடுத்துராதல.”

மறக்க முடியாதது நாலாவது கடிகாரம். ஏலத்துக்கு முந்தின நாள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகத் தலைக் குமிழைத் திருகிப் பார்த்து, “செத்துப்போச்சு” என்று வைத்துவிட்டுப் போனார்கள். அது குமிழைத் திருகி ஓடவைக்கும் கடிகாரமே இல்லை. உள்மூடியில் ஒரு சின்னத் துளை. அதில் தனிச் சாவி போட வேண்டும். என் பையில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய சாவிகள் இருந்தன. ஒன்று பொருந்தியது. அரைத் திருகு... ஓடியது! விளிம்பில் ஒரு தள்ளுகட்டை வேறு. தள்ளினால் மணி அடித்து நேரம் சொல்லும் அபூர்வ ரகம். நான் அதைத் தொடவில்லை. வாயையும் திறக்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல் எடைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டேன்.

முன் வரிசையில் ஒரு தடித்த ஆள் திரும்பிப் பார்த்தார். “இன்னா ஒத்த ரூபா, வந்துட்டியா? இன்னிக்கு உன்ன உடறதா இல்ல.” அவரும் ஒரு ரூபாய் ஏற்றினார்.

நான் ஒன்று. அவர் ஒன்று.

என் மடியில் இருந்தது சீட்டு எடுத்த பணமும் சைக்கிளை விற்ற பணமும். அதன் எல்லை நெருங்கிக்கொண்டே வந்தது. கையை மட்டும் இறக்கவில்லை. இறக்கினால் அன்று சாயங்காலமே அது தட்டான் உலையில் கொதிக்கும்.

பக்கத்தில் இருந்தவர் தடித்தவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “உடு நைனா! அவன் பைத்தியம் புடிச்சுக் கேட்டுக்கினுகீறான். உருக்குனா நமக்குத்தான் நஷ்டம்.”

சுத்தியல் விழுந்தது. குமாஸ்தா அட்டையைப் பார்த்து அண்ணாச்சியின் பெயரை ரசீதில் எழுதினார். மறுத்தால் ஏலமே ரத்து. ரசீதை வாங்கிக்கொண்டேன்.

கடைக்கு வந்து தள்ளுகட்டையைத் தள்ளினேன். நாலு மணி, அப்புறம் கால் மணிக்கு ஒன்றாக இரண்டு அடி... நாலரை. அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஏலே, வயித்துக்குள்ள கோயில் மணிய வச்சு அனுப்பிருக்கானே!”

திருவல்லிக்கேணியில் ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். அங்கே தங்கத்தை எப்படி வைப்பது? “என் இரும்புப் பெட்டில வையி. உன் பொருள் உன் பொருள்தாம்ல” என்றார். மூன்று வருஷத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒன்பது சேர்ந்தன.

அதை ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. கேட்டால் அவரை நம்பாததுபோல் ஆகிவிடுமே என்று தோன்றியது. கடையில் வேலை பார்த்த எங்களில் ஒருவன்கூட அவரிடம் எதையும் எழுதிக் கேட்டதில்லை.

அண்ணாச்சி திடீரென்று போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் முடிந்ததும் மகன் ரசீதுகளைப் பரப்பி வைத்தான். “யார் பேர் போட்டிருக்கு? நீங்களே படிங்க.” படித்தேன். அன்றே வேலையை விட்டேன்.

போன மாதம் பேத்தியோடு சேலை எடுக்கப் போனபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஒன்பதும் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிற்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு கடிகாரம் வைத்திருந்தவரை வழியில் நிறுத்தி நாலு பேர் நேரம் கேட்பார்கள். இப்போது ஆளுக்கொரு போன். யாரும் யாரையும் கேட்பதில்லை. அது போகட்டும்.

கடிகாரங்கள் எனக்கு வேண்டாம். ஆக வேண்டியவை இவைதான்.

இன்றைய முதலாளி, அண்ணாச்சியின் பேரன், அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும். “இவற்றைத் தேடி எடுத்தவர் எங்கள் கடை ஊழியர் அந்தோணி; பாதுகாத்தவர் எங்கள் தாத்தா” என்று புதிதாக எழுத வேண்டும். அண்ணாச்சிக்கும் அதுதான் மரியாதை.

மேனேஜர் பாலிஷ் போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். மூடியில் இருக்கும் செதுக்கு வேலை பாதி தேய்ந்துவிட்டது.

என் மகன் “விட்டுடுங்கப்பா” என்று சொல்வதை விட வேண்டும்.

நீங்கள், அங்கே துணி எடுக்கப் போனால், பில் போடும் முன் கேளுங்கள்: “அந்தோணி யாருங்க?”

நான், பலகை மாறும்வரை, சனிக்கிழமைதோறும் போய், அந்தப் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். இரண்டு சனிக்கிழமை முடிந்துவிட்டது.