ரப்பரும் ஸ்டோர் ரிஜிஸ்டரும்

எங்கள் கம்பெனியில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு ரப்பர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரே தட்டில் அழித்ததால் வந்த பட்டம் இது. அழிந்தவர்களில் டிஸ்பாட்ச் கிளார்க்கான நானும் ஒருவன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

மனிதர் கெட்டவர் இல்லை. பதினொரு வருடமாக ஏசி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பிஸ்கட் தூள் படிந்த கீபோர்டோடு குடித்தனம் நடத்துகிறார். எதையும் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவார், அவ்வளவுதான். அதற்கே இரண்டு மெமோ வாங்கியிருந்தார். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

ரப்பரின் மனைவி அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பழைய பேனா ரீஃபிலைக் கொடுத்தால்தான் புது ரீஃபில் தருவார். ஒருமுறை ஆடிட்டர் வந்து, சர்வரின் அவசர பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு, சீல் வைத்து, ரப்பர் கேட்டால் சுலபத்தில் கொடுக்காத ஆளிடம் வையுங்கள் என்றார். அறையில் இருந்த எட்டுப் பேரும் ஒரே ஆளைத்தான் சொன்னோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வேலையை விட்டுப் போனவர்களை நீக்கச் சொல்லி மேனேஜர் ஓர் எக்செல் பட்டியல் அனுப்பினார். திரையில் தெரிந்தது பத்தொன்பது பெயர். மற்ற எல்லோரையும் அவர் பட்டியலிலிருந்து எடுக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தார். ரப்பர் அதைப் பார்க்காமல் மொத்தத்தையும் காப்பி செய்து சர்வருக்கு ஊட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நாங்கள் நாற்காலியில்தான் இருந்தோம், ஆனால் சர்வருக்கு எங்களில் ஒருவரையும் தெரியவில்லை.

இதில் கொடுமை, அவரும் அழிந்துபோயிருந்தார். மீட்க வேண்டுமென்றால் சர்வருக்குள் போகவேண்டும். உள்ளே போகப் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதைதான். மிச்சமிருந்தது அந்தக் கவர் ஒன்றே.

ஸ்டோர் கவுண்டருக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், பொய் சொல்வானேன்.

“அந்தக் கவரைக் குடு.”

“ரிஜிஸ்டர்ல காரணம் எழுதிட்டு வாங்கிக்கங்க சார்.” ஆபீசில் அந்த அம்மாள் கணவரை சார் என்றுதான் கூப்பிடுவார்.

ரப்பர் ‘சர்வர் கோளாறு’ என்று எழுதினார். அம்மாள் ரிஜிஸ்டரைத் திருப்பிப் படித்தார்.

“சர்வர் என்ன பண்ணுச்சு?”

“அது ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம் ஏன் அது தலையில கட்டறீங்க? நடந்ததை எழுதுங்க.”

“எழுதினா மூணாவது மெமோம்மா. வேலை போயிடும்.” வேடிக்கை பார்க்க வந்த எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

“இந்தப் பக்கத்துல என் கையெழுத்தும் வரும். பொய்க்குக் கீழ நான் போடமாட்டேன்.”

ரப்பர் முதல் வரியை அடித்துவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பேரைத் தவறுதலாக அழித்துவிட்டேன் என்று எழுதினார்.

“எதை வெச்சு அழிச்சீங்க?”

“மேனேஜர் அனுப்பின லிஸ்ட்டு.”

“அதையும் எழுதுங்க. எத்தனை மணிக்கு வந்துச்சு, அதுல எத்தனை பேர் மறைஞ்சிருந்தாங்க, எல்லாத்தையும்.”

“அவரை எதுக்கு இழுக்கணும்?”

“யாரும் இழுக்கல. நடந்ததுல அவரும் இருக்காரு.”

எழுதினார். கவர் கைக்கு வந்தது.

அழித்த பெயர்கள் கொஞ்ச நாள் சர்வரின் ஓரத்தில் கிடக்குமாம். சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினார். கடிதங்களும் பத்திரமாக இருந்தன. ஆனால் எல்லோரும் வெறும் பெயரோடு திரும்பினோம். பதவி இல்லை, துறை இல்லை. முழுசாக மீட்டுத் தரும் வசதி சர்வரிலேயே உண்டு. அதை இயக்கி வைப்பதை இவர் நாளைக்குத் தள்ளியிருந்தார். மேனேஜர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றரை முழத்துக்கு வரும் பதவியைக் காணோம். அன்று ஒரு நாள் நானும் அவரும் ஒரே அந்தஸ்து. எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலையில் நான் ஸ்டோர் கவுண்டரில் நிற்கும்போது மேனேஜர் மூன்றாவது மெமோவை டைப் அடித்து எடுத்துக்கொண்டு நேராக அங்கே வந்தார். மெமோவோடு ரிஜிஸ்டர் பக்கத்தின் நகலும் தலைமை அலுவலகத்துக்குப் போகவேண்டும். பக்கத்தை நின்றபடி படித்தார். மறுபடியும் படித்தார்.

“ஜெராக்ஸ் எடுக்கட்டுமா சார்?” என்றார் அம்மாள்.

“வேணாம்.” மெமோ நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போனது.

விஷயம் தெரிந்து ரப்பர் வந்தார். “நேத்து நீ மட்டும் அந்த சர்வர் கோளாறை அப்படியே விட்டிருந்தா...” என்று தொடங்கினார்.

“புது பாஸ்வேர்டு போட்டு, சீல் வெச்சு, கவரைக் கொண்டாந்து ஒப்படைங்க சார்.”

“நாளைக்குப்...” என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு விறுவிறுவென்று சர்வர் அறைக்கு நடந்தார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நேத்துலேர்ந்து பயந்துட்டேதாங்க இருந்தேன். அவரு வேலை போயிடுமோன்னு” என்றார் என்னிடம்.

ரீஃபில் வாங்கத்தான் வந்தேன் என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பழசு எங்க?” என்றார்.