மீசை வைத்த கேப்டன்

மகாளய அமாவாசை மதியம். கொலுப்படிக்கு வெள்ளை வேட்டி விரித்துவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் பாகீரதி. அவள் கணவர் நாகேஸ்வரன் பத்து நிமிடத்தில் நாலாவது தடவையாகக் கூடத்துக்கு வந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப அலமாரிக்குப் போனார்.

ஐம்பத்துமூன்று வயது. திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் ஓர் ஐடி கட்டடத்தின் ஏசி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பள்ளி நாளில் ஞாயிறுதோறும் டிவியில் பார்த்த விண்வெளித் தொடர் ஒன்று அவரை விடவேயில்லை. அதன் பாத்திரங்களை அந்தக் காலத்திலேயே விரலளவு பிளாஸ்டிக் பொம்மைகளாகப் போட்டிருந்தார்கள், மொத்தம் பன்னிரண்டு. இருபது வருஷமாக அலைந்து பதினொன்று சேர்த்துவிட்டார். டாக்டர் இல்லை. கேப்டன் மட்டும் இரண்டு.

கொச்சியில் இவரைப் போலவே சேர்க்கிற வினய் நாலு மணிக்கு டாக்டரோடு வருகிறார். பதிலுக்கு உபரிக் கேப்டனைக் கொடுக்க வேண்டும். வினயைச் சம்மதிக்கவைக்க மூன்று வருஷமாயிற்று. ஒரே நிபந்தனை, பழைய வர்ணம் அப்படியே இருக்க வேண்டும். தேய்ந்திருந்தால் குற்றமில்லை, மேலே பூச்சு ஏறியிருக்கக் கூடாது.

அந்தக் கேப்டனைத்தான் காணவில்லை.

மேஜை இழுப்பறை, பரண் எல்லாம் குடைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போன வருஷம் கொலுவுக்குக் கீழே பார்க் அமைத்தபோது, வாசலில் நிற்க ஒரு போலீஸ்காரன் வேண்டுமென்று பாகீரதி கேட்க, அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

“அவனா? இதோ இருக்கான்” என்று ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள் பாகீரதி.

ஓணம் முடிந்த கையோடு, நிறம் போன பொம்மைகளைப் பழவங்காடிப் பக்கம் வேலப்பனிடம் வர்ணம் அடிக்கக் கொடுத்திருந்தாள். செட்டியாரோடும் செட்டிச்சியோடும் கேப்டனும் போய் வந்திருக்கிறான். வெள்ளி உடுப்புக்கு மேல் பளபளவென்று காக்கி. இடுப்பில் சிவப்பு பெல்ட். மூக்குக்குக் கீழே அடர்த்தியாக ஒரு மீசை.

நாகேஸ்வரன் அவன் கையைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை, பெயிண்ட் மூட்டில் இறங்கி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார். காக்கியோடு வெள்ளியும் உரிந்து வந்தது.

“மூஞ்சியே தேஞ்சு கிடந்துதோல்லியோ. மீசை வேலப்பன் சொந்தமா வச்சது. நன்னாத்தான் இருக்கு, அல்லே?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போய்விட்டு வந்தார். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்துவிட்டதாக வினயிடமிருந்து மெசேஜ்.

“அலமாரியில இன்னொருத்தன் இருக்கானோல்லியோ, அவனைக் குடுத்துடுங்கோ.”

“டாக்டர் வருவான், கேப்டன் போவான். அப்பவும் பதினொண்ணுதான்.”

பாகீரதி காக்கிக்காரனை வாங்கி, சுரண்டின இடத்தை ஒருதரம் துடைத்துவிட்டு அவர் பக்கம் நீட்டினாள். “ஏன், மீசை வச்சா ஆளே மாறிடுவானா?”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நாகேஸ்வரன் அலமாரிச் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“சொல்லுங்கோ. இவன் பார்க்குக்கா, உங்க அலமாரிக்கா?”

அவர் மீசைக்காரனை வாங்கிக்கொண்டு சாவியோடு உள்ளே போனார்.