அப்பான்ர பேரில ஒரு அக்கவுண்ட்

எந்தச் சைட்டில பெட் கட்டலாம், எது நம்பிக்கை எண்டு பாரிஸ் லா சப்பலில ஆரும் கேட்டா முந்தி நான் பத்து நிமிசம் மூச்சு விடாமல் கதைப்பன். அப்ப எனக்குப் பதினேழு வயசு, லிசேயில, அதான் மேல்பள்ளியில, கடைசி வருசம், வாய் மட்டும் வக்கீல் வாய்.

நான் வழக்கமாப் போய் விளாசுற இடம் ஒரு ஃபோன் கடை. சிம், ரீசார்ஜ், உடைஞ்ச ஸ்கிரீன் மாத்திறது எல்லாம் அங்க நடக்கும். கிரிக்கெட் சீசன் வந்தா கடை அண்ணை வாட்ஸ்அப்பில ஒரு குரூப் துறந்து மட்சுக்கு மட்ச் பெட் எடுப்பார். காசு நேரா அவற்ற கையில. ரிசீட் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஏனடா உவரை நம்புறியள் எண்டு கேட்டா, "எங்கட ஆள்தானே" எண்டுவினம். சீட்டுப் போடுறதும் அந்த ஒரு சொல்லிலதான், வாடகைக்கு அறை பிடிக்கிறதும் அந்த ஒரு சொல்லிலதான்.

எனக்கு இது பயங்கரக் கடுப்பு.

"அண்ணை, உது சட்டப்படி பிழை, தெரியுமோ? 2010ல இருந்து இஞ்ச ஒன்லைன் பெட்டுக்குச் சட்டம் கிடக்கு. அரசாங்கம் அனுமதி குடுத்த சைட்தான் எடுக்கலாம். நாளைக்கு நீங்கள் காசு தராட்டி இந்தச் சனம் எங்க போய்க் கேக்கிறது?"

"எங்க போறது? என்ர வீட்டுக்குத்தான். வந்தா அக்கா தேத்தண்ணியும் போட்டுத் தருவா."

கடையே சிரிக்கும். நான் விடமாட்டன். சைட்டின்ர அடிப்பக்கத்தில அனுமதி நம்பர் கிடக்கோ பாருங்கோ எண்டுவன். நம்பரை எந்தக் கள்ளனும் அடிச்சுப் போடுவான், அதால அரசாங்கச் சூதாட்ட ஆணையத்தின்ர லிஸ்டில அந்தப் பேர் இருக்கோ எண்டும் பாக்கவேணும். ஐடி கேக்காத சைட் எண்டா ஓடுங்கோ. வெண்ட காசைச் சொந்தப் பேரில உள்ள பாங்க் கணக்குக்குத்தான் அனுப்புவம் எண்டு அடம்பிடிச்சா அது நல்ல சைட். இஞ்ச அனுமதியே இல்லாத மட்சுக்கும் பெட் எடுக்குதெண்டா அது எங்கயோ ஒரு தீவில இருந்து ஆரோ நடத்திற கூத்து.

"சரி வக்கீலையா, உங்களுக்கு எத்தினை வயசு?" எண்டார் அண்ணை.

"பதினெட்டு வரப்போகுது."

"வரப்போகுதோ? அப்ப உங்கட சட்டம் உங்களையே உள்ள விடாதே!"

திரும்பவும் சிரிப்பு. நான் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளிய வந்திட்டன். உண்மையில நான் அப்பவே உள்ளதான் நிண்டனான். ரெண்டு மாசமா, அனுமதி உள்ள, ஐடி பாக்கிற, ஒரு பிழையும் பிடிக்கேலாத நல்ல சைட்டில எனக்கு அக்கவுண்ட் இருந்தது. அப்பான்ர பேரில.

எங்கட வீடுகளில கடிதம் வாசிக்கிறது பிள்ளையள்தானே. எட்டு வயசில இருந்து நான்தான் வீட்டு பிரெபெக்சர், அரசாங்கக் கந்தோர் மாதிரி. கரண்ட் பில், வரிக் கடிதம், தங்கச்சின்ர பள்ளிக்கூடப் பேப்பர் எல்லாம் என்ர கையாலதான் போகும். அப்பா லா சப்பல் பக்கம் ஒரு ரெஸ்ரோரண்டில சமையல். இருவது வருசம் இஞ்ச இருந்தும் அவற்ற பிரெஞ்சு குசினியைத் தாண்டி வரேல்ல. நீலக் கலர் ஃபைல் ஒண்டில அவற்ற காரத் த செஜூர் எண்ட வதிவிட அட்டை, ரிப் எண்ட பாங்க் கணக்கு விவரம், சம்பளத் துண்டு எல்லாம் ஒழுங்கா அடுக்கி வச்சிருந்தனான். பாஸ்வேட் எல்லாம் எனக்குத்தான் தெரியும். பாங்க் ஆப் கூட என்ர ஃபோனிலதான். கடிதப்பெட்டித் திறப்பும் என்ர திறப்புக் கோர்வையில. நான் விரலை வச்ச இடத்தில அவர் கையெழுத்துப் போடுவார். வாசிக்கக் கூட மாட்டார்.

அதால எனக்குக் கஷ்டமே இருக்கேல்ல. சைட் காரத் கேட்டது, ஃபைலில இருந்து எடுத்து ஸ்கான் பண்ணினன். ரிப் கேட்டது, அனுப்பினன். வீட்டுக்குக் கடிதத்தில ஒரு கோட் அனுப்பினாங்கள், பெட்டியைத் துறந்து எடுத்தன். சின்னப் பெடியள் உள்ள வரக்கூடாது எண்டு கட்டின வேலி ஒவ்வொண்டையும் வீட்டுச் சாவிக்கொத்தால துறந்துகொண்டு போனன். அப்ப அதைப் பெரிய கெட்டித்தனம் எண்டு நினைச்சன். இப்ப ரைப் பண்ணேக்க காது சுடுது.

பெரிய பெட் ஒண்டும் இல்ல. ரெண்டு யூரோ, அஞ்சு யூரோ, ஃபுட்போல் மட்சுகள். வெண்டும் இருக்கிறன், தோத்தும் இருக்கிறன். கடைசியில பாத்தா அப்பான்ர காசு கிட்டத்தட்ட அப்பிடியே கிடந்தது. ஆருக்கும் ஒரு நட்டமும் இல்ல எண்டுதான் என்ர மண்டை சொன்னது.

அந்த நேரம்தான் திரான்சி வீட்டுக் கதை வந்தது. நாங்கள் பாரிசுக்கு வெளிய கார்ஜில, அரசாங்க வாடகை வீட்டில இருந்தனாங்கள். அப்பாவோட வேலை செய்யிற ஒராள் சொல்லி, திரான்சியில மூண்டாம் மாடியில ஒரு வீடு பாத்தம். அப்பாக்கு அது பிடிச்சிட்டுது. அம்மா பல்கனியில கறிவேப்பிலைச் சாடி வைக்கிற மூலையைக் கூடத் தீர்மானிச்சிட்டா. விக்கிற ஆளோட ஒப்பந்தமும் எழுதியாச்சு, பாங்க் கிரெடி, அதான் கடன், தந்தா வீடு எங்கட. தராட்டி இல்ல.

பாங்குக்குப் போற அண்டு அப்பா கலியாண வீட்டுச் சேர்ட் போட்டவர். சப்பாத்து மினுங்கினது. அவற்ற மடியில நீல ஃபைல். பக்கத்துக் கதிரையில நான், மொழிபெயர்க்க.

மடாம் நல்ல மனுசி, அம்மான்ர வயசிருக்கும். சம்பளத் துண்டுகளைப் பாத்துத் தலையாட்டினவா. பிறகு கடைசி மூண்டு மாசக் கணக்குப் பேப்பரை எங்கட பக்கம் திருப்பி வச்சா. மஞ்சள் மார்க்கரால கோடு போட்டிருந்தது. ஒரு பக்கத்தில ஏழு எட்டு இடம், அடுத்த பக்கத்திலயும் அப்பிடித்தான். எல்லாம் அந்தச் சைட்டின்ர பேர்.

காசு போச்சோ இல்லையோ எண்டு மட்டும்தான் நான் பாத்தனான். ஒவ்வொரு ரெண்டு யூரோவும் அப்பான்ர பேருக்குக் கீழ ஒரு வரியாப் பதியும் எண்டு யோசிக்கவே இல்ல.

"முசியே," எண்டு மெதுவாக் கேட்டா மடாம், "தொகை சின்னன்தான். ஆனா இவ்வளவு தரம் பெட் கட்டுற ஆளுக்கு எங்கட ஆக்கள் கிரெடி குடுக்க மாட்டினம். இது நீங்கள்தானோ?"

அப்பா என்னைப் பாத்தார். "என்னவாம் தம்பி?"

உண்மை சொல்ல ஒரு வசனம் போதும். நான் வேற வசனம் சொன்னன்.

"பேப்பர் ஒண்டு குறையுதாம் அப்பா. பிறகு கொண்டந்து தருவீங்களோ எண்டு கேக்கிறா."

அப்பாக்குச் சந்தோசம். நான் திருப்பிச் சொல்லும் வரை நிக்கேல்ல, தானே மடாமைப் பாத்துச் சிரிச்சுச் சொன்னார்: "உய், உய் மடாம்." ஓம், ஓம் எண்டு.

அவ பேனையை மேசையில வச்சிட்டா.

"இந்தப் பழக்கத்தை நிப்பாட்ட உதவி செய்யிற இடங்கள் இருக்கு. நான் விவரம் தரட்டோ?"

"வேற ஏதும் கேக்கக் கிடக்கோ எண்டு கேக்கிறா அப்பா."

"இல்லை இல்லை. நோ, மெர்சி மடாம்." அதையும் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்.

மடாம் பிறகு அவரைப் பாக்கேல்ல. என்னைப் பாத்தா. அந்தப் பார்வை இரக்கம். சூதாடுற தகப்பனுக்கு மொழிபெயர்க்க வந்த பாவப்பட்ட பிள்ளை எண்டு நினைச்சிட்டா. எழும்பி வரேக்க என்ர கையில ஒரு துண்டுப் பேப்பரை வச்சு, "குராஜ்" எண்டு சொன்னா. தைரியமா இரு எண்டு. எனக்கு!

வெளிய பஸ்ஸுக்கு நிக்கேக்க அப்பா சொன்னார்: "நல்ல பொம்பிளை. என்ன மரியாதையாக் கதைக்கிறா பார்."

கிரெடி கிடைக்கேல்ல. அந்தக் கடிதத்தையும் நான்தான் வாசிச்சன். சம்பளம் காணாதாம் எண்டு சொன்னன். அண்டையில இருந்து அப்பா லீவு நாளிலயும் வேலைக்குப் போகத் துவங்கினார். நான் சொன்ன அந்தப் பொய்க்கு.

மடாம் தந்த பேப்பரில உதவி செய்யிற இடங்களின்ர விவரத்தோட இன்னொண்டும் எழுதியிருந்தது. தன்னால நிப்பாட்டேலாத ஆள் தானாவே பேர் குடுத்துத் தடை வாங்கலாம், பிறகு அனுமதி உள்ள எந்தச் சைட்டும் அவரை உள்ள விடாது. குறைஞ்சது மூண்டு வருசம். என்னை நானே நிப்பாட்டிற எண்ணத்தில அதையும் நிரப்பினன், அதுவும் அப்பான்ர பேரிலதான், அக்கவுண்ட் அவற்றதானே. உறுதிப்படுத்த ஃபோன் எடுத்தாங்கள். நான் குரலைத் தடிப்பாக்கி, அப்பான்ர குசினிப் பிரெஞ்சில, "உய், நான்தான், இந்தச் சூது எனக்கு நோய் மாதிரி வந்திட்டுது" எண்டு சொன்னன். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குள்ள நிண்டு. ஃபோனில இருந்த பொம்பிளை அவ்வளவு அன்பாக் கதைச்சவ.

இது நடந்து மூண்டு வருசம் கடந்திட்டுது. நான் இப்ப யூனிவேர்சிட்டியில சட்டம் படிக்கிறன். ஓம், சிரியுங்கோ.

இந்த வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க அப்பா சொன்னார்: "தம்பி, இப்ப சம்பளமும் கூட. பாங்கில இன்னொருக்காக் கேட்டுப் பாப்பம். நீ வந்து கதை."

அந்தக் கதிரையில திரும்பவும் போய் இருக்க என்னால ஏலாமல் போச்சு. வழக்கமா வீட்டில பாதி பிரெஞ்சில மறுமொழி சொல்லுற ஆள் நான், அண்டு எல்லாத்தையும் தமிழில சொன்னன், பிரெஞ்சில சொன்னா அது இன்னொரு ஒளிப்பு. அம்மா கையைக் கழுவிப்போட்டு அப்பிடியே நிண்டா. அப்பா கத்துவார், அடிப்பார் எண்டு பாத்தன்.

அவர் கேட்டார்: "அப்ப அந்த மடாம் என்னை என்னெண்டு நினைச்சிருப்பா?"

வீட்டைக் கேக்கேல்ல. லீவில்லாமல் வேலை செய்ததைக் கேக்கேல்ல. அதைத்தான் கேட்டார்.

"நான் 'உய்' எண்டெல்லோ சொன்னனான். சிரிச்சுக்கொண்டு."

"ஓம் அப்பா."

"அந்தத் தடை லிஸ்டில என்ர பேர் இப்பவும் கிடக்கோ?"

"கிடக்கு. ஆனா எடுக்கலாம் அப்பா. நீங்கள் எழுதிக் கேட்டா எடுப்பினம்."

"என்னெண்டு கேக்கிறது? திரும்ப விளையாட விடுங்கோ எண்டோ?"

சட்டம் அப்பிடித்தான்.

"ஒரு சுரண்டுற லொட்டரி டிக்கெட் கூட வாங்காதவனடா நான்," எண்டார். பிறகு, "வெளிக்கிடு. நாளைக்குப் பாங்குக்குப் போறம். அவவுக்கு நீ சொல்லு."

போனம். மடாம் இல்ல, வேற கிளைக்கு மாறிப் போட்டா. அந்த மேசையில ஒரு இளம் முசியே. நான் முழுக்கச் சொன்னன், ஒரு சொல் விடாமல், என்ர வயசு, ஐடி, 'உய்', எல்லாம். அந்தாள் திரையைப் பாத்திட்டு, பழைய கணக்கு இப்ப ஆரும் பாக்கிறேல்ல, இண்டைக்கு என்ன அலுவலா வந்தனீங்கள் எண்டு கேட்டான்.

"சொன்னியோ?" எண்டார் அப்பா.

"சொன்னன்."

"முழுக்கவோ?"

"முழுக்க அப்பா."

அவர் என்னைப் பாத்துக்கொண்டே இருந்தார். பிறகு முசியேன்ர பக்கம் திரும்பி, நெஞ்சில கையை வச்சு, தன்ர பிரெஞ்சில தானே சொன்னார்: "முவா, ஜமே, முசியே. ஜமே." நான் ஒருநாளும் இல்லை எண்டு. நான் உண்மையாத்தான் மொழிபெயர்த்தனானோ எண்டு அவருக்கு நிச்சயம் இல்ல. இனி ஒருநாளும் இருக்காது.

வீட்டுக்கு வந்து கடிதப்பெட்டித் திறப்பைக் கழட்டித் தா எண்டார். கழட்டிக் குடுத்தன். அவர் என்னோட கோவமில்ல, சாப்பிட்டியோ எண்டு கேப்பார், சோதினை எப்பிடி எண்டு கேப்பார். கடிதம் எண்டு மட்டும் ஒண்டும் கேக்கிறேல்ல.

போன கிழமை சாப்பாட்டு மேசையில பாங்க் கடிதம் ஒண்டு கிடந்தது. ஏற்கனவே பிரிச்சிருந்தது. கவரின்ர பின்பக்கத்தில நீலப் பேனையால தமிழில ஆரோ எழுதியிருந்தினம்: "அண்ணை, வியாழன் பின்னேரம் மூண்டு மணிக்கு வரட்டாம். காரத், சம்பளத் துண்டு கொண்டு போங்கோ. கிரெடிக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கினம்." கீழ ஃபோன் கடையின்ர முத்திரை.

கடை அண்ணை வடிவாத்தான் மொழிபெயர்த்திருக்கிறார். நான் உள்ள கிடந்த கடிதத்தை எடுத்து வாசிச்சுப் பாத்தன். ஒரு பிழையும் இல்ல. கவருக்குள்ள வச்சு, கிடந்த மாதிரியே மேசையில வச்சிட்டன்.