கை நனைத்த வீடு

முதலில் பூண்டு சிவக்கும் வாசனை. அதன் பின்னாலேயே வினிகர் கொதிக்கிற புளிப்பு, லிஃப்ட் கதவு திறந்ததும் முகத்தில் வந்து மோதும். தோஹாவில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் எங்களுக்குக் கீழ்மாடியில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம் இருக்கிறது. அவர்கள் சமைக்கிற நாளில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கோ வலது உள்ளங்கை ஈரமாகிவிட்டது போல இருக்கும். துப்பட்டாவில் துடைத்துக்கொள்வேன். கை காய்ந்துதான் இருக்கும். காய்ந்த கையைத் துடைக்கிற பெண்ணை லிஃப்டில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கல்ஃபில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கத்தாரின் வடக்கே ராஸ் லஃபானில் எரிவாயு ஆலைக்குக் குழாய்களும் கோபுரங்களும் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே சைட்டில் வேலை பார்த்த சித்தப்பா, வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப் பஸ் பிடித்து தோஹாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். ஒருமுறை விரல் நசுங்கி, டவுனில் ஒரு கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்த பிறகும் அவர் அந்தக் கிளினிக்குக்குப் போய்க்கொண்டே இருந்தார். விரல் ஆறிவிட்டதே, ஏன் போகிறார் என்று நான் கேட்டேன். அம்மா, "வேற எங்கயோ அடிபட்டிருக்கு" என்றாள். நான் அவர் உடம்பெல்லாம் தேடிப் பார்த்தேன்.

அந்த வருஷம் லீவுக்கு ஊருக்குப் போகவில்லை. பிலிப்பைன்ஸுக்குப் போகிறோம் என்றார்கள். வடக்கே விகான் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறதாம், ஸ்பெயின்காரர்கள் காலத்து வீடுகளாம், குதிரை வண்டியாம், நல்ல சாப்பாடாம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம். இதை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

நாங்கள் போனது பெண் பார்க்க. என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

சித்தப்பா அந்தக் கிளினிக்கில் இருந்த விகான்கார நர்ஸைத்தான் கட்டுவேன் என்று நின்றார். அம்மா முடியாது என்றாள். வீட்டுக்கு மூத்த மருமகள் அவள். சிவகங்கைப் பக்கம் எங்கள் சொந்தபந்தம் அத்தனைக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். வந்து பார்த்துவிட்டாவது முடியாதென்று சொல்லுங்கள் மதினி என்று சித்தப்பா கெஞ்சினார். பார்க்கிறேன், ஆனால் கை நனைக்க மாட்டேன் என்று அம்மா சம்மதித்தாள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டால் சரி என்று சொன்னதாகத்தான் அர்த்தம். பிறகு பேச்சை மாற்ற முடியாது.

எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. மணிலாவிலிருந்து பகல் முழுக்க ஓடிய பஸ்ஸில் அம்மா என் காதில் சொன்னது ஒன்றுதான். அவங்க வீட்ல எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லு, வயிறு கெட்டுப்போகும். நல்ல சாப்பாடு கிடைக்கிற ஊர் என்று கூட்டிக்கொண்டு வந்து, சாப்பிட்டால் வயிறு கெடும் என்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் மாறி மாறி வந்தன. எதற்காக வருகிறோம் என்று எனக்குக் குழம்பத் தொடங்கியது அங்கேதான்.

விகான் பஸ் நிலையத்தில் நர்ஸ் நின்றிருந்தாள். கிளினிக்கில் வெள்ளை உடுப்பில் பார்த்தவள், இங்கே பூப்போட்ட சட்டையில் வேறு யாரோ போல இருந்தாள். அம்மாவிடம், "வாங்க அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். தமிழில். அம்மா திரும்பி சித்தப்பாவைப் பார்த்த பார்வையில் அவர் பெட்டிகளை எடுக்கப் போய்விட்டார்.

அவளுடைய அப்பா குதிரை வண்டிக்காரர். அதிகம் பேசாத மனிதர். குதிரையிடம் மட்டும் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் வீட்டுக்குப் போனோம். மேஜை முழுக்கச் சாப்பாடு. முழு மீன், சோறு, இலையில் மடித்த பலகாரம், இன்னும் என்னென்னவோ. அவளுடைய அம்மா இரண்டு கையையும் விரித்து, "மங்ஙன் தயோன்" என்றாள். வாங்க, சாப்பிடலாம் என்று அர்த்தமாம். அந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள். வாசலில் போகிறவரிடமும் சொல்கிறார்கள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில், இன்று வெள்ளிக்கிழமை, எங்கள் குடும்பத்துக்கு விரதம் என்றார். நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். காலையில் பஸ் நின்ற இடத்தில் ஆளுக்கு இரண்டு முட்டை தின்றிருந்தோம்.

அவளுடைய அம்மாவின் முகம் மாறியது. கோபமில்லை, ஏதோ கோயிலுக்குள் நுழைந்த மாதிரி. மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பெரிய துணி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையை மூடினாள். விருந்தாளி விரதம் இருக்கும்போது வீட்டுக்காரர்கள் சாப்பிடுவது மரியாதை இல்லையாம். அவர்களும் சாப்பிடவில்லை. மூடிய மேஜையைச் சுற்றி இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தோம். துணிக்கு மேலே மீனின் வால் தெரிந்தது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் அம்மா தோஹாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சப்பாத்தியைப் பிரித்தாள். விரதம் முடிந்துவிட்டதா என்றேன். பேசாமல் தின்னு என்றாள்.

மறுநாள் ஊர் பார்த்தோம். பார்க்கத்தானே வந்தோம் என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் நிம்மதி. கருங்கல் பாவிய தெருவில் குதிரையின் குளம்பு டக்டக்கென்று போக, இருபக்கமும் ஓடு வேய்ந்த பெரிய வீடுகள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் சிப்பியைத் தேய்த்துப் பதித்திருந்தார்கள். வெயில் அதன் வழியாக மோர் நிறத்தில் உள்ளே போயிற்று. கட்டியவர்கள் கடல் கடந்து வந்த சீன வியாபாரிகளாம், இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்களாம். அம்மா தன்னை மறந்து, "காரைக்குடி மாதிரியே இருக்குல்ல" என்றாள். உடனே உதட்டை மூடிக்கொண்டாள். குயவர் சூளையில் நான் உள்ளே புகுந்து உட்காரலாம் போன்ற ஜாடிகள் அடுக்கியிருந்தன, கறுப்பும் பழுப்புமாக. அவற்றில்தான் கரும்புச் சாற்றைக் காடியாக, அதாவது வினிகராக, புளிக்க வைப்பார்களாம்.

மாதா கோயிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, முதல்முறையாக நர்ஸின் அப்பா எங்களோடு பேசினார். அதை நர்ஸ் ஆங்கிலத்தில் சொல்ல, சித்தப்பா தமிழில் சொன்னார். இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் ஜப்பான்காரர்கள் ஊர் ஊராக எரித்துவிட்டுப் பின்வாங்கினார்களாம். இந்த ஊரில் இருந்த அதிகாரி ஒருவன் இங்கே ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தியிருந்தான். பிள்ளையும் இருந்தது. போகிற அன்று பாதிரியாரிடம் அவர்களை ஒப்படைத்தான். ஊரை எரித்தால் தன் வீடும் எரியுமே என்று, எரிக்காமலே போய்விட்டான். இந்தத் தெரு இன்னும் நிற்பது அதனால்தான் என்று ஊரில் சொல்கிறார்கள்.

சித்தப்பா இதை மொழிபெயர்த்த வேகத்தைப் பார்த்தால், அந்த ஊரை அவரே எரியாமல் காப்பாற்றியது போல இருந்தது. அப்பா, "கதை நல்லாத்தான் இருக்கு" என்றார். அம்மா கோயில் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அதிகாரி பிறகு திரும்பி வந்தானா என்று நான் கேட்டேன். யாரும் அதை மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானம் மறுபடியும் அவர்கள் வீடு. மறுபடியும் மூடிய மேஜை. இன்றைக்குச் சனிக்கிழமை, பெருமாளுக்கு விரதம் என்றார் அப்பா. நாளைக்கு எந்தச் சாமியோ என்று யோசித்துக்கொண்டே நான் கொல்லைப்பக்கம் நழுவினேன்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா செம்மஞ்சள் நிறத்தில் அரிசிமாவைத் தட்டி, அதன்மேல் பப்பாளிக்காய்த் துருவலை வைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அரைநிலா மாதிரி மடித்து எண்ணெயில் விட்டாள். பொங்கியது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மகளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். குழந்தைக்குமா விரதம் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு குனிந்து, "பசிக்குதா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

அவள் பெரிய ஜாடியிலிருந்து தண்ணீர் மொண்டு என் வலது கையில் ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர். சோறும், அந்தப் பலகாரமும், பூண்டு நசுக்கிப் போட்ட காடியும் என் முன்னால் வந்தன. ஸ்பூன் தரவில்லை. அந்த வீட்டிலும் கையால்தான் சாப்பிடுவார்களாம். காடியில் தோய்த்து வாயில் வைத்ததும் கண் இறுக மூடிக்கொண்டது. திறந்தபோது அம்மா கொல்லை வாசலில் நின்றிருந்தாள்.

"எந்திரி."

நான் எழவில்லை. எழ முடியவில்லை. வாய் நிறைய இருந்தது. அம்மாவுக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் சித்தப்பா. சித்தப்பாவின் முகம் விடிந்தது போல ஆனது.

"மதினி, நம்ம வீட்டு ஆளு கை நனைச்சாச்சு."

"சின்னப்புள்ள தின்னதெல்லாம் சேர்த்தி இல்ல தம்பி."

"ஒம்பது வயசுப் புள்ளய வச்சாடா சம்பந்தம் முடிக்கிற?" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. இவ நம்ம குடும்பமா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்றார். அம்மா, "இல்லன்னா இல்லதான் தம்பி" என்றாள்.

நான் குடும்பத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது. விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி சேர்ப்பார்களே, ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் பிடித்தால் அவுட் கிடையாது. அப்படியா? சித்தப்பாவுக்கு நான் சேர்த்தி. அம்மாவுக்கு நான் சேர்த்தி இல்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கையைப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். சோற்றுப் பருக்கைகள் விரலில் ஒட்டிக் காய்ந்தன.

அவளுடைய அம்மா, விரதத்தை முறித்ததற்குத்தான் என்னைத் திட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். மாவு படிந்த கைகளைச் சேர்த்து எங்கள் அம்மாவிடம் திரும்பத் திரும்ப ஏதோ சொன்னாள். என் தப்பு, குழந்தையை ஒன்றும் சொல்லாதீர்கள் என்பது பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. அம்மா ஒரு கணம் தடுமாறினாள். அந்தக் கைகளைப் பிடிக்கப் போனது போல இருந்தது. பிடிக்கவில்லை. நர்ஸ் எதையும் மொழிபெயர்க்கவில்லை. நாங்கள் பேசிய தமிழ் அவளுக்குப் போதுமான அளவு புரிந்திருந்தது.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கும் குதிரை வண்டியில்தான் கொண்டுவந்து விட்டார்கள். ஊரில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றாள் அம்மா, பெண் வேண்டாம் என்பதை எங்கள் பக்கத்தில் சொல்கிற விதமாக. அப்பா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவளுடைய அம்மா சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

சித்தப்பாவுக்கு அடுத்த லீவில் மானாமதுரைப் பக்கம் பெண் பார்த்தார்கள். அங்கே பஜ்ஜியை முதலில் எடுத்தது அம்மாதான். எனக்கு இரண்டாவது தட்டு கேசரி வைத்து, நல்லா சாப்பிடு என்றாள். சித்தப்பா சாப்பிட்டாரா என்று நினைவில்லை. தோஹாவில் எனக்குக் காய்ச்சல் வந்தால் வேறு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அது தூரம். கிட்ட இருக்கிறதை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம் என்று காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டு நான் கேட்டேன். நானாக விடை கண்டுபிடிப்பதற்குள் எனக்கே கல்யாண வயது வந்துவிட்டது.

விகானில் அன்று பஸ் கிளம்ப இன்ஜின் உறுமத் தொடங்கியிருந்தது. அப்பாவும் அம்மாவும் ஏறிவிட்டார்கள். சித்தப்பா நர்ஸின் முன்னால் போய் நின்றார், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனார். நான்தான் கடைசி. அவள் படிக்கட்டுக்குக் கீழே முழங்காலிட்டு என் வலது கையை எடுத்து விரித்துப் பார்த்தாள், நர்ஸ்கள் பார்ப்பார்களே, அப்படி. என்ன தேடினாள் என்று எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். அவள் கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள்:

"எங்க வீட்ல சாப்பிட்ட. தேங்க்ஸ், பாப்பா."