ஓடத்தான் தெரியும் என்று நாங்கள் சொன்னவன்

எங்கள் கிளப்புக்கு அவன் ஆடிய மூன்று வருடமும் நாங்கள் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தோம். எதிர் அணியைத் திட்டியதைவிட அவனைத் திட்டியது அதிகம்.

நான் அப்போது உதியன்குளங்கரைச் சந்திப்பில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோவிலில் ஆராதனை முடிந்து சாப்பிட்ட கையோடு, எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து பாறசாலை மைதானத்துக்குப் போய்க் கோலுக்குப் பின்னால் நிற்போம். அமரவிளையில் தறி போட்டிருந்த என் கூட்டாளிதான் எங்களில் பெரிய தொண்டைக்காரன். அவன் முதலில் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுப்பான், நாங்கள் பிடித்துக்கொள்வோம்.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்துக்கொண்டிருந்த காலம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், கூட்டம், மறியல். பந்து விளையாட்டும் அப்படியே இரண்டாகப் பிரிந்துபோயிருந்தது. எங்களுடையது தமிழ்க் கிளப், நெய்யாற்றின்கரையில் இருந்தது மலையாளக் கிளப். அந்த அணியிலும் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான். எங்கள் அணியில் பதினொரு பேருக்கும் மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் மைதானத்தில் இறங்கிவிட்டால் அதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நாங்கள் திட்டியவன் பொழியூர்க் கடற்கரைக்காரன், மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பம். விடியுமுன்னே கரையில் நின்று கரமடி வலை இழுக்கப் போவான். மடி கரையேறி, மீன் பிரித்து முடிந்ததும் குளித்துவிட்டு நடந்தே பாறசாலைக்கு வருவான். கயிறு உரசி உரசி இரண்டு தோளும் காய்த்துக் கறுத்திருக்கும். அவனுக்கு நடுவரிசையில் வலது ஹாஃப் இடம். பந்து கிடைத்தால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிடுவான், உடனே வேறு எங்கோ ஓடுவான். ஆளை ஏமாற்றத் தெரியாது, தூரத்திலிருந்து அடிக்கத் தெரியாது. ஆட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருப்பான்.

எங்கள் செல்லப்பிள்ளை வேறொருவன். மிஷன் கோவில் உபதேசியாரின் மகன், முன்வரிசையில் இடதுபக்கம் ஆடுவான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரை வெட்டித் திரும்பி அவன் அடிக்கும்போது நாங்கள் துண்டை வானத்தில் எறிவோம். "உபதேசியாருக்க மவனுக்குப் பந்து தெரியும், இவனுக்கு ஓட மட்டும் தெரியும்" என்பான் தறிக்காரன். நாங்கள் சிரிப்போம். பொழியூர்க்காரன் காதில் விழும்படியாகத்தான் அதைச் சொல்வோம்.

மூன்றாவது வருடம் நெய்யாற்றின்கரை அணியோடு ஓர் ஆட்டம். பாதி ஆட்டத்திலேயே கல் பறக்க ஆரம்பித்துவிட்டது. முதல் கல்லை யார் எறிந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அது எங்கள் பக்கத்திலிருந்து போனது. பதிலுக்கு வந்த கற்களில் ஒன்று அவன் நெற்றியைப் பிளந்தது. சட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினான். ரத்தம் புருவத்தில் வழிய வழிய ஓடினான். ஆட்டம் முடியச் சற்று முன்னால் பந்து அவன் காலுக்கு வந்தது. முன்னால் அடித்திருக்கலாம். அவன் பின்னால் இருந்த எங்கள் ஆளுக்குத் தள்ளினான். அந்த ஆள் வழுக்கி விழ, எதிரி கொண்டுபோய்க் கோல் அடித்தான்.

தோற்றோம். வழுக்கி விழுந்தவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவனைத் தென்னந்தோப்பில் வைத்துச் சுற்றிக்கொண்டோம்.

"எலே, அவனுவகிட்ட எவ்வளவுலே வாங்கின?" என்று தறிக்காரன் சட்டையைப் பிடித்தான்.

"நான் ஒண்ணும் வாங்கல்ல. முன்னால ரெண்டு பேரு நின்னானுவ. அடிச்சா பந்து போயிருக்கும்."

அதற்குமேல் பேச விடவில்லை. நெற்றிக் காயத்தின்மேலேயே ஒருவன் குத்தினான். அவன் கையை ஓங்கவில்லை, முகத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டு நின்றான். விழுந்தபிறகும் இரண்டு பேர் மிதித்தார்கள். நான் அன்று மிதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் எங்கள் மைதானத்துக்கு வரவில்லை. சில மாதங்களில் செய்தி வந்தது: திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி அணி அவனை எடுத்துக்கொண்டது, வேலையும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் நம்பவில்லை. அடுத்த வருடம் அந்த அணிக்கு அவன்தான் கேப்டன் என்றார்கள். பிறகு மாநில அணியில் பெயர் வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. மேனேஜருக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பாதிரியார் சிபாரிசு. நல்ல ஆட்டக்காரனுக்கெல்லாம் கால் ஒடிந்துவிட்டது, அதனால் இவனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் எல்லோருக்கும் பிடித்த காரணம் ஒன்று கிடைத்தது: தமிழனாகப் பிறந்து மலையாளிகளுக்கு விலை போனவன்.

அந்தச் சமயத்தில்தான் தெற்கே போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் யாருக்கும் நிதானம் இல்லை. சந்தைகள் மூடிக்கிடந்தன. பஸ் கண்ணாடிகள் நொறுங்கின. பள்ளிக்கூடங்களில் ரிசர்வ் போலீஸ் தங்கியிருந்தது. பனச்சமூட்டில் லத்தியடியில் என் சித்தப்பாவின் கைவிரல்கள் நசுங்கின. அவருக்கு மருந்து வைத்துக் கட்டிய மறுநாள் காலையில் நாங்கள் உதியன்குளங்கரைக்குச் சற்றுத் தள்ளி ஓர் அயனி மரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டோம்.

பத்து மணி இருக்கும். பஸ் அமரவிளையோடு நின்றுபோனதால் ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் அவனும் வந்தான். வெள்ளைச் சட்டை, காலில் செருப்பு, கையில் காகிதத்தில் சுற்றிய புடவை. மறுநாள் அவன் தங்கைக்குக் கல்யாணம்.

தறிக்காரன்தான் முதலில் பார்த்தான். "லேய், மலையாளத்துக்க கேப்டன் வாறான்!"

அவன் நின்றான். ஓடியிருக்கலாம், எங்களில் ஒருவனும் அவனைப் பிடித்திருக்க முடியாது.

"தமிழ் வாழ்கன்னு சொல்லு," என்றான் தறிக்காரன். "இனி அவனுவளுக்குப் பந்து சவுட்டமாட்டேன்னும் சொல்லு. சொல்லிட்டுப் போ."

"மொதல்ல சொன்னத ஆயிரம் தடவ சொல்லுவேன். எனக்க அம்மைக்க பாஷையாக்கும் அது. ரெண்டாவது சொன்னது எனக்க வாயில வராது."

"ஏம்லே வராது?"

"மூணு வருஷம் உங்களுக்கு ஆடினேன். ஏச்சும் அடியும் தந்திய. அவனுவ எனக்குப் பூட்ஸ் தந்தானுவ. பந்து சவுட்டுறது எனக்க சோலி. வழி விடுங்க, மக்கா, வீட்டுல கல்யாணம் உண்டு."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது என்று இப்போது நினைக்கிறேன். முதல் அடி யாருடையது என்று தெரியவில்லை. புடவைக் கட்டு பறந்துபோய்ச் சேற்றில் விழுந்தது. இந்தத் தடவை அவன் சும்மா நிற்கவில்லை. வலை இழுத்த கை அது. தறிக்காரன் மூக்கில் ஓர் அடி விட்டு அவனை உட்கார வைத்தான். இன்னொருவனை மரத்தோடு சேர்த்துத் தள்ளினான். நான் கடையிலிருந்து கொண்டுவந்த நீள ஸ்பேனரை இடுப்பில் செருகியிருந்தேன். குனிந்து, இரண்டு கையாலும் வீசி, அவன் வலது முழங்காலில் அடித்தேன். எங்கே அடிக்கிறேன் என்று தெரிந்துதான் அடித்தேன். பச்சைக் கொம்பு ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவன் விழுந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போலீஸ் வண்டி வந்த சத்தம் எங்கள் கூச்சலில் கேட்கவில்லை. லத்தி இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அவர்கள் ஆள் பார்த்து அடிக்கவில்லை. கீழே கிடந்தவன் முதுகிலும் விழுந்தது. கையில் கிடைத்த ஏழு பேரை வண்டியில் அள்ளிப் போட்டார்கள். அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் முழங்கால் என் விலாவில் இடித்தது. அப்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவனை அடையாளம் கண்டுகொண்டார். பந்து விளையாட்டுப் பைத்தியம் போலிருக்கிறது. பதறி எழுந்து நாற்காலி போடச் சொன்னார். "ஆரா இது செய்தது? காணிச்சு தா" என்று மலையாளத்தில் கேட்டார்.

அவன் சொல்லமாட்டான் என்று நான் எதிர்பார்த்தேன். ஏன் அப்படி எதிர்பார்த்தேன் என்று யோசித்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நேராக என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

"இவன். ஸ்பேனர் வச்சு அடிச்சான்."

பிறகு நடந்ததை விரிவாகச் சொல்லப்போவதில்லை. என் இடது காது அன்றோடு போயிற்று. உள்ளங்காலில் அடித்த அடியில் பல வாரம் சுவரைப் பிடித்து நடந்தேன். வெளியே வந்தபோது போராட்டத்தில் அடி வாங்கியவன் என்று மாலை போட்டார்கள். எதற்காக அடி வாங்கினேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அவன் இனி ஆடமாட்டான் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் ஒரு வருடம் கழிந்து, மறுபடி ஆடுகிறான் என்றார்கள். போய்ப் பார்த்துக் கூவி, முடிந்தால் ஒரு கல்லாவது எறிந்துவிட்டு வரலாம் என்றே திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

கூட்டம் நெருக்கியதில் கோலுக்குப் பின்னால் இடம் கிடைக்கவில்லை. மேட்டில் நின்ற ஒரு மரத்தின் அடியிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் பாய் விரித்ததுபோலத் தெரியும். நான் அவனையே பார்த்தேன், வேறு யாரையும் பார்க்க வரவில்லையே. பந்து இருக்கும் பக்கம் எல்லோரும் ஓட, அவன் ஆளில்லாத ஓர் இடத்துக்கு நொண்டி நொண்டி ஓடினான். என்ன முட்டாள்தனம் என்று நினைத்து முடிக்குமுன் பந்து அங்கே வந்தது. பக்கத்தில் நின்றவனுக்கு இடது காலால் தட்டினான், மறுபடி காலியாகக் கிடந்த இடத்துக்குப் போனான், மறுபடி பந்து அங்கே வந்தது. எதிரி ஃபார்வர்ட் எங்கே திரும்பினாலும் அந்த வழியில் முன்கூட்டியே அவன் நின்றான். பாறசாலையில் மூன்று வருடமும் இதையேதான் செய்தான். நாங்கள் கோலுக்குப் பின்னால் நின்று பந்தை மட்டும் பார்த்தோம்.

சட்டைப் பையில் கிடந்த கல்லை எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து, ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் கொட்டகைக்கு வெளியே நின்றேன். அவன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டே வந்தான். என்னைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"எதுக்கு வந்த?"

"கல்லெறியத்தான் வந்தேன். எறியல்ல." அவன் காலைப் பார்த்தேன். "இடது காலால இப்பிடி அடிக்க எப்பப் படிச்ச?"

"வலது காலால அடிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஏழு மாசம். கடப்புறத்து மணலுல நின்னு இடது காலால சுவருக்கு அடிச்சேன். அதுக்காக உனக்கு நன்றி சொல்லுவேன்னு நினைக்காண்டாம்."

"நான் செய்தது தப்பு," என்றேன்.

"முட்டு ஆறிப்போவும். எனக்க தங்கச்சிக்க கல்யாணம் நான் இல்லாம நடந்துது. அத நீ என்ன செய்வ?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை.

எல்லை முடிவாகித் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எங்கள் ஊர்கள் கேரளத்துப் பக்கமே நின்றுபோயின. வருத்தத்தில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத அந்த மாதங்களில்தான் மாநில அணிக்கே அவன் கேப்டன் என்று பத்திரிகையில் வந்தது. என் கடை வாசலில் நாலைந்து பேர் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"குருட்டு யோகம்," என்றான் தறிக்காரன். "கூடவே காட்டிக்கொடுக்கிற புத்தியும். அவன்தானே உன்ன போலீசுக்குக் காணிச்சுக் கொடுத்தான்?"

"நான் அவன் முட்ட ஒடச்சேன். காணிச்சுக் கொடுத்தான். அதுல தப்பு என்ன உண்டு?"

தறிக்காரன் என் சட்டையைப் பிடித்தான், நான் தள்ளினேன், அவன் குத்தினான். என் கீழ்ப்பல் ஒன்று தெறித்தது. பக்கத்தில் கிடந்த ரிம்மை எடுத்து வீசினேன், அவன் நெற்றி கிழிந்தது. அதற்குள் உபதேசியாரின் மகன் எங்கள் நடுவில் வந்து விழுந்தான். ஆட்டத்தை விட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்டிருந்தான், சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவன்.

"நிறுத்துங்கலே! நான் கோல் அடிச்சேன், அடிச்சேன்னு துண்ட எறிஞ்சிய. எனக்க காலுக்குப் பந்து எங்கயிருந்து வந்துதுன்னு உங்களுல ஒருத்தன் பாத்தியளா? அத்தனையும் அவன் தந்ததாக்கும். அவன் விட்டுப்போன வருஷம் நான் ஒரு கோல் அடிக்கல்ல. அதையாவது பாத்தியளா?"

அவன் அழுதான். பந்து விளையாட்டுக்காக ஒரு பெரிய ஆள் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லோரும் கலைந்துபோனார்கள். தறிக்காரன் மட்டும் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்திருந்தான். திருவனந்தபுரத்தில் மேட்டு மரத்தடியில் நின்று நான் பார்த்ததை அவனிடம் முழுவதும் சொன்னேன். "பொய்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்துக்கு ஆட்டம் பார்க்க பஸ் ஏறினேன். அமரவிளையில் தறிக்காரனும் ஏறினான், நெற்றியில் கட்டோடு. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வந்து உட்கார்ந்தான். நகரத்தில் இறங்கும்போது, "மேட்டுல எந்த மரம்?" என்று கேட்டான்.