வானொலிக்குத் தொண்ணூற்றெட்டுப் புள்ளி

போரில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது, பற்றரிக்கும் தடை. நல்லூரில் எங்கள் வீட்டு வானொலி சைக்கிள் டைனமோவில்தான் ஓடியது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி நான் மிதிப்பேன். அப்பா பக்கத்தில் கொப்பியோடு இருந்து ஒலிக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்.

அவர் தமிழ் வாத்தியார். செய்தி வாசிப்பவரின் ழகரம் ளகரமாகக் கேட்டால் ஐந்து புள்ளி வெட்டு. றகரம் ரகரமானால் மூன்று. வாசித்தவரே பிழை விட்டிருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். ஒழுங்காக மிதிக்கச் சொன்னார்.

அப்போதுதான் ஜெர்மனியிலிருந்து அண்ணையின் கடிதம் வந்தது. வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பு ஒன்றில், ஞாயிறு மாலை நேயர் நிகழ்ச்சியில் பேசப் போகிறாராம். அப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு போனவர். கடிதமெல்லாம் அம்மாவுக்குத்தான் வரும். அப்பாவைப் பற்றி ஒரு வரி இராது. இதையும் அப்பா இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு தொடங்கியது கூத்து. ஏரியல் கம்பியைக் கிணற்றுத் துலாவின் நுனியில் கட்டினார். பக்கத்து வீட்டு மாமி தண்ணீர் அள்ளும்போதெல்லாம் ஒலி ஏறி இறங்கியது. உடனே ஞாயிறு நான்கு மணி முதல் கிணற்றுக்கு ஊரடங்கு. இரைச்சலைக் குறைக்க வானொலியின் மேல் நீத்துப்பெட்டியைக் கவிழ்த்தார். அன்றைக்கு வீட்டில் புட்டு இல்லை.

ஞாயிறு வந்தது. நான் மூச்சு வாங்க மிதித்தேன். கரகரப்புக்கு நடுவே அண்ணையின் குரல் கேட்டது.

“அப்பா, இங்கை நல்ல குளிர். நான் சுகப். யோசிக்க வேண்டாப்.”

அவ்வளவுதான். அப்பா எழுந்து நின்றார், திரும்ப இருந்தார், சால்வையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கொப்பியில் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார். ‘சுகப்’ ஒன்று, ‘வேண்டாப்’ ஒன்று. வெட்டிய இரண்டும் என் மிதியின் குறையாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ, மகன் தன்னைக் கூப்பிட்டதை மாமிக்குச் சொல்ல வேலிக்கு ஓடினார்.

நான் குசினிக்குள் போனேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

“பிள்ளைக்குச் சரியான தடிமன். மூக்கடைச்சு ‘ம்’ வரேல்லை. அவன் அம்மா எண்டுதான் கூப்பிட்டவன்.”

வேலிப் பக்கம் பாயப்போன என் கையை அவர் எட்டிப் பிடித்தார்.

“சொல்லிப்போடாதை. எனக்குத்தான் கடிதம் வருகுதே.”