கர்டரில் வைத்த பொட்டு

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பட்டுக்கோட்டை சாலையில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவனுக்கு அது கெட்ட குணம் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

பட்டறையின் நடுவே, கூரைக்கு அடியில் குறுக்காக, நானே இரண்டு துண்டை வெல்டிங் வைத்து ஏற்றிய இரும்பு கர்டர். இன்ஜினைத் தூக்க அதில் கயிறு போட்டு நாலு பேர் இழுப்போம். போன சம்பா அறுவடை சமயத்தில் கயிறு அறுந்து, இன்ஜின் என் மைத்துனன் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அடியில் குனிந்து வேலை பார்ப்பவன் எப்போதும் அவன்தான். இனிமேல் கயிறு வேண்டாம், சங்கிலியை இழுத்துத் தூக்கும் செயின் பிளாக் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தஞ்சாவூர்க் கடையில் புதிதாக ஒன்றைக் காட்டினார்கள். இரண்டு டன் தூக்கும் என்றார் கடைக்காரர். எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"ஸ்டிக்கர்ல இருக்கு பாருங்க."

"ஸ்டிக்கர் நான்கூட ஒட்டுவேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பட்டுக்கோட்டையில் பட்டறையை மூடுகிற ஒருவரிடம் பழையது இருப்பதாக மைத்துனன் சொன்னான். அவனுக்குச் சிநேகிதர் என்றதும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. போய்ப் பார்த்தால், கொக்கி முழுக்க ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் வருஷக்கணக்காக அப்பிக் கிடந்தன. சாமிக்கு வைத்த பொட்டை யார் அழிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான் அவருக்கு, அடியில் விரிசல் இருக்கிறது என்று தீர்மானித்தேன். டீசலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"திருப்திதானுங்களே?" என்றார் அவர். முகம் வாடிவிட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்த பிறகே வாங்கினேன்.

மறுநாள் கர்டரில் அதை மாட்ட ஏணியைச் சாத்தினோம். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அண்ணாந்து பார்த்தாள். கர்டரின் நடுவிலும் பட்டையாகச் சந்தனம், குங்குமம். வருஷா வருஷம் நான் வைத்தது.

"அடுத்தவங்க கொக்கியைத் துடைச்சுப் பாத்தீங்களாமே. இதை யாரு துடைக்கிறது? அடியில நிக்கப்போறது என் தம்பி."

"நானே வச்ச வெல்டிங் அது" என்றேன் சுள்ளென்று.

"அதான் கேக்குறேன்."

கோபத்தோடுதான் ஏறினேன். இரண்டு தரம் துடைத்ததும் குங்குமம் கரைந்தது. வெல்டிங்கின் ஓரமாக முடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினேன். நக நுனி உள்ளே இறங்கியது.

"என்ன அத்தான், துருவா?" கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு மைத்துனன் கேட்டான்.

ஏழு வருஷமாக அவன் குனிந்து வேலை பார்த்த அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"தள்ளி நில்லுப்பா" என்றேன்.